கடலுக்கடியில் விளக்கு, கரையில் இருட்டு

சென்ற மாதம் நமது சங்க அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். குமரிக் கடற்கரையில் பிறந்தவர். மகன் விசைப்படகில் வேலைக்கு வந்ததிலிருந்து இந்த மேற்குக் கரைத் துறைமுகத்தில் அவனோடு குடியிருப்பவர். அவர் கையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. மகன் போய்வந்த ஒரு பயணத்தின் பங்குக் கணக்கு அது. டீசல், ஐஸ், அரிசி, குடிதண்ணீர், வலைச் செலவு என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் கீழே, கூட்டுத் தொகைக்கு மேலே, ஒரு வரி: “லைட் பைன்”.

“லைட்டு போடச் சொன்னது மொதலாளி. பைன் மட்டும் எம் மவனுக்க பங்குல எப்படி வரும்?” என்று அவர் கேட்டார்.

எளிய கேள்வி. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் கடல், சட்டம், கூலி, உயிர் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இதற்குப் பதில் சொல்ல நமது சங்கம் இதுவரை தயங்கி வந்திருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். தயங்கியதற்கான காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம். முதலில் விஷயத்தைத் தெளிவாகப் பார்ப்போம்.

வெளிச்சம் புதிதல்ல

வெளிச்சத்துக்கு மீன் வரும் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஓலைச் சூட்டைக் கொளுத்திக்கொண்டு கரையோரத்தில் மீன் பிடித்தவர்கள் நம்மவர்கள். பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்கை வள்ளத்தில் வைத்துக் கணவாய்க்குத் தூண்டில் போட்டார்கள். இருட்டுக் காலத்தில் விளக்குக்கு மீன் கூடும். நிலாக் காலத்தில் கூடாது. இதைப் படிக்கும் வீடுகளில் இது தெரியாத பெரியவர் இருக்கமாட்டார்.

அன்றைய விளக்குக்கு ஓர் அளவு இருந்தது. சூட்டு அணைந்தால் வேலை முடிந்தது. பெட்ரோமாக்ஸின் ஒளி மேல்தண்ணீரைத் தாண்டி அதிகம் போகாது. அந்த வெளிச்சத்தில் பிடித்தவனும் ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன் என்று பிடித்தான்.

இன்று நடப்பது வேறு. படகின் மேல்தளத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது. அதிலிருந்து கேபிள் இழுத்து, கடலுக்குள் எல்.இ.டி. விளக்குகளை இறக்குகிறார்கள், அல்லது படகின் அடிப்பலகையிலேயே பொருத்திவிடுகிறார்கள். சிவப்பு ஒளியைத் தண்ணீர் சில பாகத்துக்குள்ளேயே விழுங்கிவிடும். நீலமும் பச்சையும்தான் ஆழத்துக்குப் போகும். மீனின் கண்ணுக்கு நன்றாகப் படுவதும் அந்த நிறங்களே. ஆகவேதான் இந்த விளக்குகள் பெரும்பாலும் பச்சையிலும் நீலத்திலும் வருகின்றன. பழைய பெரிய பல்புகளுக்குக் குடம் குடமாக டீசல் எரிக்க வேண்டியிருந்தது. எல்.இ.டி. வந்ததும் அதே வெளிச்சம் சொற்ப மின்சாரத்தில் கிடைத்தது. மலிவுதான் இந்த விளக்கைத் துறைமுகம் துறைமுகமாகப் பரப்பியது.

விளக்கு எரியத் தொடங்கியதும் முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூடுகின்றன. அவற்றைத் தின்னச் சிறு மீன் வருகிறது. சிறு மீனைத் தின்னப் பெரிய மீன் வருகிறது. சாளை, அயலை, கணவாய், இன்னும் குஞ்சும் குறுமீனுமாக ஒரே இடத்தில் திரண்டு நிற்கின்றன. பிறகு விளக்கைக் குறைத்து, கூட்டத்தை நெருக்கி, சுருக்குமடியால் வளைத்து அள்ளிவிடுகிறார்கள். தூண்டில்காரன் தேடிப்போக வேண்டிய மீனை, விளக்குக்காரன் தன்னிடம் வரவழைத்துக்கொள்கிறான். பத்துக் கடல்மைல் தள்ளி இரவெல்லாம் காத்திருக்கும் செவுள்வலைக்காரனுக்கு வெறும் வலைதான் மிச்சம்.

சட்டம் சொல்வது என்ன?

2017-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தண்ணீருக்கு மேலே ஆனாலும் அடியிலே ஆனாலும், ஜெனரேட்டர் வைத்தாலும் வைக்காவிட்டாலும், எல்.இ.டி. முதலிய செயற்கை விளக்குகளைக் கொண்டு மீன் பிடிக்கக் கூடாது என்பது அந்த ஆணை. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே மடியை இழுப்பதையும் அதுவே தடை செய்தது. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை மாநில அரசின் அதிகாரம். அதற்கு அப்பால் 200 கடல்மைல் வரை மத்திய அரசின் அதிகாரம். இந்த ஆணை அந்த வெளிக்கடலுக்கானது. உட்கடலுக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு: கேரளத்துக்கு 1980, மகாராஷ்டிரத்துக்கு 1981, தமிழ்நாட்டுக்கு 1983, கர்நாடகத்துக்கு 1986.

2023 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சுருக்குமடி வழக்கில் உச்சநீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தபோதும், 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் என்று வரம்பு கட்டியது. பகலில் பிடிப்பதற்கு விளக்கு எதற்கு? 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வெளிக்கடல் மீன்பிடி விதிகளும் விளக்கு மீன்பிடிப்புக்கான தடையை மறுபடி உறுதி செய்திருக்கின்றன.

ஆக, தடை இருக்கிறதா என்பதில் ஐயமில்லை. இருந்தும் இரவில் எந்தத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரில் ஏறி நின்று பார்த்தாலும், தொடுவானத்தில் ஊர்த் திருவிழாப்போல் வெளிச்சம் தெரிகிறது என்று மேற்குக் கரை நெடுகிலும் நம் தோழர்கள் சொல்கிறார்கள். ஜெனரேட்டர் என்ன, சட்டைப்பையில் ஒளித்துக் கொண்டுபோகிற பொருளா? படகு கரையில் கட்டிக்கிடக்கும்போதே கண்ணுக்குத் தெரிகிற பொருள். கரையில் பார்க்காததை நடுக்கடலில் தேடுவதன் சூட்சுமம் நமக்கு விளங்கவில்லை.

பைன் யார் தலையில்?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

நம்மவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர் அல்லர், பங்குக்காரர். மீன் விற்ற பணத்தில் செலவைக் கழித்து, மிச்சத்தை முதலாளிக்கு இவ்வளவு, தொழிலாளிக்கு இவ்வளவு என்று பிரிப்பது வழக்கம். விகிதம் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மீன் விற்றது ரூ.4 லட்சம். செலவு ரூ.2 லட்சம். மிச்சம் ரூ.2 லட்சம். முதலாளிக்கு நூற்றுக்கு 60, தொழிலாளிகளுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளர் பங்கு ரூ.80,000. பத்துப் பேர் என்றால் ஆளுக்கு ரூ.8,000.

இதில் ரூ.1 லட்சம் பைனைச் “செலவு” என்ற தலைப்பில் எழுதிவிட்டால் என்ன ஆகிறது? மிச்சம் ரூ.1 லட்சம். தொழிலாளர் பங்கு ரூ.40,000. ஆளுக்கு ரூ.4,000. அரசாங்கம் தண்டித்தது படகுக்காரரை, தண்டத்தில் ரூ.40,000 கட்டியது படகில் வேலை செய்தவர்கள். ஒரு பேனாக் கோட்டில் இது நடந்துவிடுகிறது. பிடித்த மீனைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டால் அந்தப் பயணத்துப் பங்கே போயிற்று. அதற்குள் ஊரில் வாங்கிய முன்பணம் கடனாகத் தலைமேல் நிற்கும். அடுத்த பயணத்துக்கும் அதே படகில்தான் ஏறியாக வேண்டும்.

விளக்கு வாங்கும்போது இவனைக் கேட்டார்களா? இல்லை. விளக்கால் வந்த கூடுதல் மீனில் இவன் விகிதத்தை உயர்த்தினார்களா? இல்லை. விளக்கு வாங்கிய விலையையும் ஜெனரேட்டருக்கான டீசலையும் செலவில் எழுதிப் பங்கைக் குறைத்தார்கள். லாபத்தில் கூட்டு இல்லாதவனுக்குத் தண்டத்தில் மட்டும் கூட்டு என்பது எந்த ஊர் நியாயம்?

அந்தத் தாய்க்கு நமது பதில் இதுதான்: அம்மா, அந்த வரி உங்கள் மகன் கணக்கில் வரக்கூடாது. சட்டத்தை மீறிக் கட்டிய தண்டம் தொழில் செலவாகாது. அதை எழுதியவரிடம் நமது சங்கம் உங்களோடு வந்து கேட்கும்.

ஒரே மாதத்தில் மூன்று

2017 நவம்பரை நாம் மறக்கலாகாது. 10-ந் தேதி விளக்குத் தடை ஆணை வந்தது. 16-ந் தேதி, மீன்பிடித் தொழிலாளர் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ம் எண் உடன்படிக்கை உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. படகில் ஏறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும், காயம்பட்டால் மருத்துவம் வேண்டும் என்று சொல்லுகிற உடன்படிக்கை அது. 2007-ல் நிறைவேறிய அந்த உடன்படிக்கையை உறுதிசெய்த நாடுகளின் வரிசையில் இந்தியா இல்லை. அதே மாதம் 30-ந் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து ஊர்களிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான வீடுகளில் விளக்கு அணைந்தது. எந்தப் படகில் யார் இருந்தார்கள் என்ற பட்டியல்கூட ஒழுங்காக இல்லாமல், கரையில் நின்று பெயர் பெயராகச் சொல்லித் தேடியவர்கள் நாம்.

மீனைக் காப்பாற்ற ஓர் ஆணை வந்த மாதத்தில் மீனவனைக் காப்பாற்ற எதுவும் வரவில்லை. மீனுக்கும் கணக்கு வேண்டும். பிடிக்கிறவனுக்கும் கணக்கு வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்று நிற்காது.

2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ஒரு படகும் சரக்குக் கப்பலும் மோதிக்கொண்ட செய்தி நினைவிருக்கும். படகு கேரளத்துப் பேப்பூர்ப் படகு. அதிலிருந்த 14 பேரும் தமிழ்நாட்டவரும் மேற்கு வங்கத்தவரும். உயிரோடு மீட்கப்பட்டவர் இருவரே. மேற்குக் கரைப் படகுகளில் யாருடைய உடல் உழைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். படகு ஒரு மாநிலம், தொழிலாளி இன்னொரு மாநிலம், விபத்து நடந்த கடல் மூன்றாவது மாநிலம். நஷ்டஈடு கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பது மட்டும் நம் வீட்டுப் பெண்கள்.

விளக்கைப் பொருத்தும் கை

இந்த விளக்குகளைப் பொருத்துகிறவர்களிலும் நம்மவர் பலர் இருக்கிறார்கள். படகு கட்டும் யார்டுகளில் வயரிங் வேலை, பைபர் வேலை, வெல்டிங் வேலை செய்யும் இளைஞர்கள் அவர்கள். தடை மீன்பிடிப்புக்குத்தான், விளக்குக்கு அல்ல என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றுலாப் படகுகளிலும் உல்லாசப் படகுகளிலும் அழகுக்காக அடியில் விளக்கு வைக்கிறார்கள். அது நேர்மையான வேலை, தாராளமாகச் செய்யலாம். ஆனால் உயிரைப் பணயம் வைத்துச் செய்ய வேண்டாம். ஆகவே வேலை தெரிந்தவர்களைக் கேட்டறிந்த சில விஷயங்களை இங்கே எழுதுகிறோம். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படகைக் கரையேற்றிய பிறகே அடியில் துளை போட வேண்டும். துளை போடுமுன் உள்பக்கம் சட்டமோ குழாயோ டாங்கியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளையும் தண்ணீர் உள்ளே வர ஒரு வழி என்பதை மறக்கக்கூடாது. கடலுக்கென்று விற்கும் சீலன்ட்டைத்தான் பூச வேண்டும். அது காய எவ்வளவு நேரம் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு நேரம் விட வேண்டும். அவசரப்படுத்தினால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இறக்கியதும் உள்ளே நின்று கசிவு பார்த்த பிறகே படகை விட வேண்டும்.

பித்தளை, வெண்கல விளக்கை அலுமினிய அடிப்பலகையில் நேராகத் திருகினால் உப்புத்தண்ணீர் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். இடையில் மின்சாரம் கடத்தாத தகடு வேண்டும்.

பாட்டரியிலிருந்து வரும் 12 அல்லது 24 வோல்ட்டில் எரியும் விளக்கே தண்ணீருக்கு ஏற்றது. பாட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். ஜெனரேட்டரின் 220 வோல்ட்டை அப்படியே கடலுக்குள் இறக்குவது எமனுக்கு அழைப்பு அனுப்புவதாகும். மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே அணைக்கும் சுவிட்ச், 30 மில்லியாம்பியரில் விழக்கூடியது, இல்லாத ஜெனரேட்டரில் கை வைக்காதீர்கள். ஈரத் தளம், ஈரக் கை, உப்பு ஊறிய கேபிள் மூன்றும் சேர்ந்தால் சிறு கசிவு போதும்.

இந்த விளக்குகள் தண்ணீரால்தான் சூடு தணிகின்றன. பெரும்பாலானவற்றைத் தண்ணீருக்கு வெளியே நீண்ட நேரம் எரியவிட்டால் கெட்டுவிடும். கண்ணாடியின்மேல் பாசியும் சிப்பியும் படிந்தாலும் சூடு ஏறும். அதைச் சுரண்டுவதற்குப் பையனைத் தண்ணீரில் இறக்குவார்கள். என்ஜின் நின்று, சாவி கையில் இருந்து, மின்சாரம் அடியோடு துண்டிக்கப்பட்ட பிறகல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கண்ணாடியை இரும்பால் சுரண்டாமல் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்ட வேண்டும். படகுக்கு அடிக்கும் பாசித்தடுப்புப் பெயிண்ட் கண்ணாடியில் படக்கூடாது.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். பிறகு தொடுங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்கி, உதவி வரும்வரை நிறுத்தாமல் அமுக்குங்கள்.

இவ்வளவையும் கவனித்துச் செய்ய நேரமும் பொருளும் வேண்டும். திருட்டு வேலைக்கு இரண்டும் கிடைப்பதில்லை. இரவோடு இரவாகப் பொருத்தி, சோதனை வந்தால் கழற்றி எறிந்துவிடுகிற வேலையில் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? சட்டவிரோத வேலையில் ஷாக் அடித்துச் செத்தவனுக்காக முதலாளி போலீசில் உண்மையைச் சொல்லுவாரா? “தவறி விழுந்தான்” என்று எழுதிக் கொடுப்பார். அதோடு கோப்பு மூடப்படும்.

மறுபக்கத்து வாதம்

விளக்குக்காக வாதாடுகிறவர்கள் சொல்வதையும் கேட்போம். “ஜப்பானில் விளக்கு வைத்துக் கணவாய் பிடிக்கவில்லையா?” என்கிறார்கள். பிடிக்கிறார்கள். அங்கே உரிமம் பெற்ற படகுகள் விளக்குக்குக் கீழே தூண்டில் போட்டுக் கணவாயைப் பிடிக்கின்றன. ஓராண்டுதான் வாழும் உயிர் அது. இங்கேயோ விளக்குக்கு வந்த எல்லாவற்றையும், குஞ்சோடு சேர்த்து, மடியில் வளைத்து அள்ளுகிறோம். கேரளத்தில் 10 செண்டிமீட்டருக்குக் குறைந்த சாளையையும் 14 செண்டிமீட்டருக்குக் குறைந்த அயலையையும் பிடிக்கக் கூடாதென்று விதி இருக்கிறது. விளக்குக்கு வருகிற மீன் அளவுகோலோடு வருவதில்லை.

“அடுத்த துறைமுகத்துக்காரன் வைக்கிறானே, நாங்கள் மட்டும் வைக்காவிட்டால் பட்டினிதானே?” என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஒரு மாநிலத்தில் கெடுபிடி, இன்னொரு மாநிலத்தில் கண்மூடல் என்பது கூடாது என்கிறோம். எல்லாத் துறைமுகத்திலும் ஒரே நாளில் விளக்கு இறங்கினால் எவனுக்கும் நஷ்டமில்லை.

“மீன் குறைந்ததற்கு விளக்குதான் காரணமா?” என்றும் கேட்கிறார்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: விளக்கு மட்டும் காரணமல்ல. கேரளக் கரையில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021-ல் கிடைத்தது சுமார் 3,300 டன். கடல் சூடேறுவதும் மழைக்காலம் தடுமாறுவதும் இதற்குப் பெரிய காரணங்கள் என்று மீன்வள ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நோயாளி பலவீனமாய்க் கிடக்கும்போது இரத்தத்தை உறிஞ்சுகிறவன், “நோய்க்குக் காரணம் நானல்ல” என்று சொல்வது எப்படியோ, அப்படித்தான் இந்த வாதமும். மீன் குறைந்திருக்கிற காலத்தில்தான் விளக்கைக் கட்டாயம் அணைக்க வேண்டும்.

நாம் ஏன் தயங்கினோம்?

இனி நம்மைப் பற்றியே சொல்லுகிறோம். இந்தச் சங்கத்தின் சந்தாவில் விளக்குப் படகின் பங்குப் பணமும் இருக்கிறது. அந்தப் படகுகளில் வேலை செய்கிற உறுப்பினர்கள் நமது சகோதரர்கள். “விளக்கை எதிர்த்து எழுதினால் நம் பையன்கள் வேலை போகும், வெளியூர்க்காரன் என்று சொல்லி விரட்டுவார்கள்” என்ற பயம் நிர்வாகிகளுக்கே இருந்தது. இரண்டு கூட்டங்களில் பேசாமலே கலைந்தோம்.

மற்றொரு பக்கத்தையும் பார்த்தோம். தூத்தூர் வட்டாரத்துத் தூண்டில்காரரும் செவுள்வலைக்காரரும் இதே கொச்சியிலும் முனம்பத்திலும் தங்கித்தான் தொழில் செய்கிறார்கள். விளக்குப் படகில் அண்ணன், தூண்டில் படகில் தம்பி. அண்ணன் எரிக்கிற விளக்கில் தம்பியின் உலை அணைகிறது. இருவருடைய தாயும் ஒருத்தியே. இரவில் கடலில் இரண்டு படகுகளுக்கிடையே தகராறு மூண்டு கல்லும் கம்பும் பறக்கும்போது, இருபக்கமும் தமிழில்தான் திட்டிக்கொள்கிறார்கள் என்று ஒரு தோழர் சொன்னார். அதைக் கேட்டபிறகு மௌனமாக இருப்பது சங்கம் என்ற பெயருக்குத் தகாது என்று முடிவு செய்தோம்.

உள்ளூர்ச் சிறு மீனவர்களோடும் நமக்குப் பகையில்லை. விளக்குப் படகை எதிர்த்துக் கரையில் போராடுகிற கோவாக்காரரும் கொங்கணத்துக் கோலி மீனவரும் மலையாளி வள்ளக்காரரும் நாம் கேட்கிற அதே நியாயத்தைத்தான் கேட்கிறார்கள். அவர்களுடைய கோபம் படகில் நிற்கிற தமிழன்மீது திரும்பாமல் படகுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தவர்மீது திரும்ப வேண்டுமானால், நாம் அவர்கள் பக்கம் நிற்பதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். இதோ சொல்லுகிறோம்.

நமது கோரிக்கைகள்

1. விளக்கு மீன்பிடிப்புத் தடையை எல்லாக் கடற்கரை மாநிலங்களிலும் ஒரே கண்டிப்போடு அமல்செய்ய வேண்டும். சோதனை துறைமுகத்திலேயே, படகு புறப்படுமுன் நடக்க வேண்டும்.

2. தண்டம் படகுக்காரருக்கே. அதைச் செலவுக் கணக்கில் எழுதுவதைக் குற்றமாக்க வேண்டும். படகு பறிமுதலானால் அந்தப் பயணத்துக்கான குறைந்தபட்சக் கூலியைத் தொழிலாளிக்கு அவரே தர வேண்டும்.

3. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அவரவர் தாய்மொழியில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். கரையில் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்க வேண்டும். 188-ம் எண் உடன்படிக்கையை மத்திய அரசு உறுதிசெய்ய வேண்டும்.

4. மீனவர் விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் ரூ.5 லட்சம் உண்டு. எந்த மாநிலத்தில் பதிந்தவரானாலும் எந்த மாநிலக் கடலில் விபத்து நடந்தாலும், குடும்பம் இருக்கிற ஊரிலேயே மனுக் கொடுத்து வாங்க வழி செய்ய வேண்டும்.

5. விளக்கை இறக்குகிற சிறு படகுக்காரர் தூண்டிலுக்கும் செவுள்வலைக்கும் மாறக் கடனுதவி தர வேண்டும். அந்த மாற்றத்தில் தொழிலாளி வேலையிழக்கக் கூடாது.

நமக்கு நாமே

அரசாங்கத்தைக் கேட்பது ஒரு பாதி. மறு பாதி நம் கையில் இருக்கிறது. வருகிற பருவத்துக்கு முன்பணம் வாங்கும்போதே, “விளக்கு உண்டா?” என்று கேளுங்கள். உண்டென்றால், “பைன் எங்கள் பங்கில் வராது என்று எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். எழுதமாட்டார். அப்போது உங்களுக்கே எல்லாம் விளங்கிவிடும். விளக்குப் படகை விட்டு வருகிறவருக்கு வேறு படகில் இடம் தேடித் தரச் சங்கம் பொறுப்பேற்கிறது. அதற்காக உறுப்பினர்கள் தங்களுக்குத் தெரிந்த படகுகளின் விவரத்தை அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதத் தடைக்காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள், மீனவர் அடையாள அட்டையும் நலவாரியப் பதிவும் நடப்பில் இருக்கின்றனவா என்று பார்த்து வாருங்கள். தாய்மார்களே, பங்குக் கணக்குத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். எழுதத் தெரியாதவர் என்று உங்களை யாரும் ஏமாற்றாமல் இருக்க, அதை வரிவரியாகப் படித்துச் சொல்ல ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகத்தில் ஆள் இருப்பார்.

அந்தத் தாய் கொண்டுவந்த துண்டுத்தாள் இப்போது நமது மேசைமேல் இருக்கிறது. “லைட் பைன்” என்ற அந்த வரியை அடித்து எழுத வைக்கும்வரை அதை அலமாரியில் வைக்கப் போவதில்லை. அவருடைய மகன் மறுபடி கடலுக்குப் போயிருக்கிறான். இந்த முறை விளக்கில்லாத படகில். பங்கு குறைவாக வரலாம். வருகிற பங்கு முழுவதும் அவனுடையதாக இருக்கும்.